காமிராவின் இரு பூட்டுக்கள்

நம் கல்லூரித் தமிழ்த்துறை அறையின் சுவரில் முன்னாள் துறைத்தலைவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்குவதை மாணவர் யாவரும் கண்டிருப்பர். அவ்வரிசையில் நான்காவது ஆணி மட்டும் பல்லாண்டுகளாக வெறுமையாய் நின்றது. அவ்வாணிக்குரிய ஆசிரியர் சைவர். இக்கிறிஸ்தவக் கல்லூரியிலே நெடுங்காலம் தொல்காப்பியம் பாடஞ்சொன்னவர். ஓய்வுபெற்ற பின்னர்த் திருவண்ணாமலைக்குச் சென்று, ரமணாசிரமத்தை அடுத்த தெருவொன்றில் வாழ்ந்துவந்தார். ஸ்டூடியோவில் விளக்குகளின்முன் உட்காருதல் அவர்க்கு ஒருபோதும் உடன்பாடன்று. "படம் வேண்டுமாயின் என் திண்ணைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மலையும் கூட விழவேண்டும்" என்று அவர் எழுதிய அஞ்சலட்டை எம் கைக்கு வந்தது. ஆனர்ஸ் வகுப்பினர் நால்வர், பிலிம் காமிரா ஒன்றை எடுத்துக்கொண்டு, போளூர் வழியாகப் பஸ்ஸேறிச் சென்றோம். ஒரே ஒரு படத்திற்காக மூன்று முறை செல்ல நேர்ந்தது. அம்மூன்று செலவுகளிலும் யாம் கற்றது இது.

காமிரா எம்முள் ஒருவருடைய சிற்றப்பா தந்தது. 1990ஆம் ஆண்டிற்குப் பின் செய்யப்பட்டது. குவியம், ஒளியளவு என்னும் இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும் வகையினது. குவியமாவது, எத்துணைத் தூரத்திலுள்ள பொருள் பிலிமில் தெளிவாகப் பதியவேண்டும் என்பதற்கான லென்ஸின் அமைப்பு. ஒளியளவாவது, பிலிமின்மேல் எவ்வளவு ஒளி விழவேண்டும் என்பதற்கான அமைப்பு. லென்ஸின் துவாரத்தைப் பெருக்கியும் சுருக்கியும், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் இதனை அமைப்பர். இவ்விரண்டையுங் கருவியே செய்துவிடுமாகலின், பொத்தானை அழுத்துவதன்றி எமக்கு வேறு வேலையில்லை என்றே எண்ணிச் சென்றோம்.

திண்ணை வடக்கு நோக்கியது. ஆசிரமமும் அதனைச் சூழ்ந்த குடியிருப்பும் மலையின் தென்னடிவாரத்தில் இருத்தலின், வீட்டினுள்ளிருந்து வெளியே நோக்கினால் அருணாசலம் கண்முன் நிற்கும். ஆசிரியரைத் திண்ணையின் ஓரத்தில், படத்தின் இடப்பக்கம் வருமாறு இருத்தினோம், வலப்பக்கம் மலை. நண்பகல் வெயில் மலைமேலும் தெருமேலும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆசிரியரோ கூரை நிழலில் இருந்தார். எட்டுப் படங்கள் எடுத்து, மீதியை மயில்களுக்கும் குரங்குகளுக்கும் செலவிட்டுத் திரும்பினோம். பிலிமைக் கழுவி அச்சிட்டுப் பார்த்தபோது, மலையின் ஒவ்வொரு பாறையும் எண்ணத்தக்கதாய் விழுந்திருந்தது. ஆசிரியர் முகமோ கரிய நிழலாய், விளிம்புந் தெளிவற்று நின்றது. அச்சுக்களை அவர்க்கு அனுப்பினோம். "தம்பிமாரே, மலை நன்றாக விழுந்திருக்கிறது, அதன்முன் உட்கார்ந்திருக்கும் கரிக்கட்டை யார் என்று தெரியவில்லை" என மறுமொழி வந்தது.

பிழை காமிராவினதன்று. அது தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தது. அதன் குவியப்புள்ளி சட்டத்தின் நடுவே இருந்தது. யாம் நடுவே வைத்தது மலை. ஆகவே மலைக்குக் குவியம் வைத்தது. ஒளியை அளக்கும் மீட்டரும் சட்டத்தின் பெரும்பகுதியை நிறைத்த வெயிலையும் வானத்தையுங் கண்டு, ஒளி மிகுதியென்று முடிவுசெய்து, பிலிமிற்குச் செல்லும் ஒளியைக் குறைத்துவிட்டது.

மீட்டரின் இயல்பை இங்கே சற்று விரித்துரைத்தல் வேண்டும். தான் காண்பது வெண்மையா கருமையா என்பதை மீட்டர் அறியாது. எதைக் கண்டாலும், தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குப் பதினெட்டு அளவே திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அதனைக் கொண்டு அளவு சொல்லும். 1947இல் பரோடாவிலிருந்து ரமணாசிரமத்திற்கு வெள்ளை மயிலொன்று வந்த வரலாறு உண்டு. மீட்டர் சொன்னபடியே அத்தகைய மயிலைச் சட்டம் நிறையப் படம்பிடித்தால், மயில் சாம்பல் பூசினாற்போல் விழும். எருமையை எடுத்தால் அதுவும் சாம்பலே. வெயிலுக்கும் நிழலுக்குமுள்ள வேற்றுமையோ நம் கண் உணர்வதினும் மிகப் பெரிது. 400 வேகமுள்ள பிலிமிற்கு நல்ல வெயிலில் எஃப் 16 துவாரமும் நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு நேரமும் போதும். வானத்தைக் காணும் திறந்த நிழலிலோ அதே நேரத்திற்கு எஃப் 5.6 வேண்டும். அது மூன்று படி வேற்றுமை. ஒவ்வொரு படியும் இருமடங்காகலின், எட்டு மடங்கு ஒளி என்றாகும். கூரையின்கீழே இன்னும் மிகுதி. கண்ணின் பாவை தானே விரிந்து சுருங்கிக்கொள்வதால் ஆசிரியர் முகம் எமக்கு நன்றாகவே தெரிந்தது. பிலிமிற்கு அவ்வாறு தெரியவில்லை.

இதற்கு மருந்தாக வைக்கப்பட்டதே பூட்டு. பொத்தானைப் பாதி அழுத்தினால், எம் கையிலிருந்தது போன்ற காமிரா அக்கணத்தில் தான் கண்ட குவியத்தையும் ஒளியளவையும் பிடித்துக்கொண்டு நிற்கும். விரலை எடுக்காமல் காமிராவைத் திருப்பிப் படத்தை நம் விருப்பம்போல் அமைத்து, மீதிப் பாதியையும் அழுத்தலாம். எல்லாக் காமிராக்களும் இவ்வாறே செய்யும் என்று நம்பிவிடலாகாது. சிலவற்றில் பாதியழுத்தம் குவியத்தை மட்டுமே பிடிக்கும். ஒளியளவிற்கு வேறு பொத்தான் இருக்கும். சிலவற்றில் ஒளியை அளக்கும் முறையை மாற்றினால் பூட்டின் இயல்பும் மாறும். தம் கருவியின் கையேட்டைப் படியாதவர் பிலிமை வீணாக்கியே இதனைக் கற்க வேண்டியவராவர்; யாம் அவ்வாறே கற்றோம். இப்பொழுது செல்பேசியின் திரைமேல் விரலை நெடுநேரம் ஊன்றினால் தோன்றும் பூட்டும் இவ்விரண்டையும் ஒருங்கே பிடிப்பதாகவே பெரும்பாலும் அமைகின்றது.

இரண்டாம் முறை இவ்வறிவோடு சென்றோம். முகத்தின் ஒளியை மட்டுமே மீட்டர் காணவேண்டும் என்று கருதி, எம்முள் காமிரா பிடித்தவர் ஆசிரியர்க்கு மிக அருகே, இரண்டடித் தூரம்வரை சென்றார். முகம் சட்டத்தை நிறைத்தது. பொத்தானைப் பாதி அழுத்தினார். விரலை எடாமலே, பின்னாற் கிடந்த செம்பையும் விசிறியையுந் தப்பி, இரண்டு மீட்டர் தூரம் வரும்வரை பின்னடந்தார். மலை வலப்பக்கம் வருமாறு அமைத்து முழுதும் அழுத்தினார். "என்ன தம்பி, கூத்தில் கட்டியங்காரன் போவது போலப் போகிறாய்!" என்றார் ஆசிரியர். அச்சு வந்தது. முகத்தின் ஒளி, ஆகா, மிகச் செம்மை! திருநீறும் தெரிந்தது, தோலின் நிறமும் தெரிந்தது. ஆனால் மீசை எங்கே முடிகின்றது, உதடு எங்கே தொடங்குகின்றது என்பது தெரியவில்லை. எல்லாம் கலங்கல். மலையும் கலங்கல். அவர்க்கும் எமக்கும் இடையிலிருந்த வெறுங்காற்றே அப்படத்தில் தெளிவாக விழுந்தது போலும்.

அச்சினை மேசைமேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் வாதாடிய பின்னரே எமக்குக் காரணம் விளங்கிற்று. முகத்தின் ஒளி, யாம் நாலடி பின்னே வந்தமையாற் குறைவதன்று. கூரையும் நேரமும் மாறாதவரை, அருகே நின்று அளந்த அளவு தொலைவிலிருந்தும் பொருந்தும். முகத்தின் தூரமோ யாம் வைக்கும் ஒவ்வோரடிக்கும் மாறுவது. ஆகவே ஒளியளவை எங்கே நின்றும் பூட்டலாம்; குவியத்தைப் படமெடுக்கும் இடத்தில் நின்றே பூட்டல் வேண்டும். இயல்பால் வேறான இவ்விரண்டையும் ஒரே விரலால் ஒரே கணத்தில் பிடித்தமையே எம் பிழை. இதனை முன்னரே அறிந்த காமிராச் செய்வோர், ஒளியளவிற்கென்றே தனிப்பூட்டு வைத்தனர். தானியங்கி ஒளியளவு பரவிய காலத்தில், 1978இல் வந்த நிக்கான் எஃப்.இ. என்னுங் கருவியில், தற்பட நெம்புகோலை லென்ஸை நோக்கித் தள்ளிப் பிடித்தால் ஒளியளவு பூட்டப்படும். குவியத்தை அதில் கையாலேயே திருகவேண்டுமாதலின் இரண்டும் குழம்ப வழியில்லை. 1985இல் மினோல்டா 7000 வந்து, தானே குவியம் வைக்கும் கருவிகள் பெருகிய பின்னரே இரு பூட்டுக்களும் ஒரு பொத்தானின்கீழ் வந்து கூடின.

அப்படியாயின் அதற்கு முன்னிருந்தோர் என் செய்தனர்? இதற்கு விடை தேட ரமணாசிரமத்தை விட்டு வெளியே செல்லவேண்டுவதில்லை. 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலைக்கு வந்து, 1950 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு மறையும்வரை அவ்வூரை நீங்காதிருந்த ரமணர், நம் நாட்டில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்ட துறவியருள் ஒருவர். சென்னை மருத்துவர் டி. என். கிருஷ்ணசாமி அவரைப் பலகாற் படம்பிடித்தார். பெங்களூர் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் இன்று எத்தனையோ வீடுகளில் உள்ளது. அமெரிக்க நாட்டு லைஃப் பத்திரிகைக்காக எலியட் எலிசோபன் எடுத்த படங்கள் 1949இல் வெளிவந்தன. இவர்கள் அனைவர்க்கும் எதிரே இருந்தது, மீட்டரை ஏமாற்றுவதற்கென்றே அமைந்தாற்போன்ற காட்சி: மாநிற மேனி, அதன்மேல் வெண்கோவணம், தலைமயிரும் வெண்மை. எதைக் கண்டு அளப்பது என்று அறிந்தவர்க்கே அது வசப்படும்.

ரமணரின் இறுதி நாட்களில் பிரெஞ்சு நாட்டுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் ஆசிரமத்தில் இருந்தார். 1948இல் காந்தியடிகளை அவர் கொலையுண்ட நாளிலேயே படமெடுத்தவரும் இவரே. ரமணர் மறைந்த இரவில், 8 மணி 47 நிமிடத்திற்கு, ஒளிமிக்க எரிமீனொன்று வானில் மெல்லச் சென்றதைக் கண்டு சொன்னவர்களுள் இவரும் ஒருவர். இவர் வாழ்நாளெல்லாம் கையாண்டது லைக்கா. தூரமானி பூட்டிய அக்காலத்து லைக்காக்களில், குவியம் பார்க்கும் சாளரம் வேறு. படம் அமைக்கும் சாளரம் வேறு. ஒன்றில் கண்ணை வைத்து, இரண்டாய்த் தோன்றும் உருவம் ஒன்றாகும்வரை லென்ஸைத் திருகி, பின் மற்றொன்றிற்குக் கண்ணை மாற்றிச் சட்டத்தை அமைப்பர். மீட்டரோ அதில் இல்லவே இல்லை. ஒளியைத் தம் கண்ணால் மதிப்பிட்டு, துவாரத்தையும் நேரத்தையும் முன்னமே கையால் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். ஆகவே காமிராவை எங்கே திருப்பினாலும் ஒன்றும் மாறாது. வைத்தது வைத்தபடியே நிற்கும். பூட்டு வேண்டாமையன்று, எல்லாம் எப்போதும் பூட்டியே கிடந்தன என்க. கருவி தானே முடிவுசெய்யத் தொடங்கிய பின்னரே, அம்முடிவை நிறுத்திவைக்க ஒரு பூட்டு வேண்டியதாயிற்று. லைக்காவின் எம் வரிசையில் ஒளியளவைத் தானே வகுக்கும் கருவி 2002இல் எம் 7 என்னும் பெயரோடு வந்தபோது, பாதியழுத்தத்தால் ஒளியளவைப் பிடிக்கும் பூட்டும் உடன்வந்தது.

இதனை உணர்ந்தபின் எம் வழி எளிதாயிற்று. தானியங்கிக் காமிராவிலும் கையால் அமைக்கும் நிலை ஒன்று உண்டு. திருகியை அந்நிலையில் வைத்துவிட்டால் ஒளியளவைப் பொறுத்தவரை அதுவும் பழைய லைக்காவே. அருகே சென்று முகத்தை அளந்து, துவாரத்தையும் நேரத்தையும் வைத்து, விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் பின்னே வரலாம், செம்பை உதைக்கவேண்டுவதில்லை. பின்னர் நின்ற இடத்திலிருந்து பாதியழுத்தத்தால் குவியத்தை மட்டும் பூட்டினாற் போதும். முகத்தருகே செல்லுதல் முறையன்று என்னும் இடங்களில் தம் உள்ளங்கையையே அதே நிழலில் நீட்டி அளக்கலாம். உள்ளங்கை நடுச்சாம்பலினும் ஏறக்குறைய ஒரு படி வெளிறியதாகலின், மீட்டர் சொன்னதற்கு மேல் ஒரு படி கூட்டிக்கொள்க.

மூன்றாம் முறை செல்லுமுன் கந்தாசிரமத்திற்கு ஏறிப் பழகிக்கொண்டோம். 1916 முதல் 1922 வரை ரமணர் தங்கிய இடம் அது. வழியிலுள்ள ஒரு பாறையிலிருந்து பார்த்தால் அண்ணாமலையார் கோயில் முழுதும், பதினொரு நிலைக் கீழைக்கோபுரம் உட்பட, உள்ளங்கையில் வைத்தாற்போலத் தெரியும். அங்கே யாம் நிற்பது நிழலில். கோயில் இருப்பது வெயிலில். திண்ணையில் செய்ததற்கு நேர்மாறாகச் செய்யவேண்டும். தலைக்குமேல் தொங்கும் இலைக்கொத்துக்களைச் சட்டத்திலிருந்து விலக்கி, வெயில்படும் ஊரையும் கோயிலையும் மட்டும் அளந்து ஒளியைப் பூட்டி, பின்னரே இலைகளை ஓரத்தில் வருமாறு அமைத்தோம். இலைகள் கருநிழலாய் விழுந்தன. விழட்டும், அவை சட்டத்திற்கு விளிம்பாகவே வேண்டப்பட்டன.

இனிக் குவியப்பூட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. நடுப்புள்ளியில் முகத்தை வைத்துக் குவியத்தைப் பூட்டி, காமிராவைப் பக்கமாகத் திருப்புகின்றோம் அல்லவா? லென்ஸ் தெளிவாகக் காட்டுவது நம்மைச் சூழ்ந்த வட்டத்தையன்று. பிலிமிற்கு இணையாக நிற்கும் ஒரு தட்டையான தளத்தையே. காமிரா திரும்பும்போது அத்தளமும் உடன் திரும்பி, முகத்தைக் கடந்து சற்றே பின்னாற் போய்விடும். 15 பாகை திருப்பினால், இரண்டு மீட்டர் தூரத்தில் அப்பிறழ்ச்சி ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்; ஒரு மீட்டர் தூரத்தில் 3.4 சென்டிமீட்டர். ஒரு மீட்டரில் 50 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.8 அளவிற்குத் திறந்துவைத்தால், முன்புறம் தெளிவு கிடைக்கும் ஆழம் சுமார் 2 சென்டிமீட்டரே; ஆதலின் கண் கலங்கிக் காது தெளிந்து நிற்கும். இரண்டு மீட்டரில் எஃப் 8 வைத்தாலோ முன்புறம் 30 சென்டிமீட்டருக்கு மேல் இடமுண்டு. 7 சென்டிமீட்டர்ப் பிறழ்ச்சி அதனுள் அடங்கிவிடும். மிக அருகே, துவாரத்தை விரியத் திறந்து எடுப்பவர், பூட்டித் திருப்புவதை விடுத்து, ஓரத்திலுள்ள குவியப்புள்ளியைத் தேர்ந்துகொள்வதோ, கையால் திருகி வைப்பதோ நன்று.

மூன்றாம் செலவிற்கு ஓர் அவசரமும் வந்துற்றது. ஆசிரியர்க்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியமையால், அம்மாத இறுதியில் தூத்துக்குடியிலுள்ள மகள் வீட்டிற்கு நிலையாகச் செல்வதாக எழுதியிருந்தார். திண்ணையும் மலையும் ஆசிரியரும் ஒரே சட்டத்தில் அமைய இனி வேறு வாய்ப்பில்லை. முதல்நாள் மாலையே சென்று தங்கி, காலை ஏழு மணிக்கு முன் திண்ணையில் நின்றோம். அவ்வேளையில் வெயில் முற்றாமையின், மலைக்கும் திண்ணைக்கும் இடையேயுள்ள வேற்றுமை இரண்டு படியாகக் குறைந்திருந்தது. நண்பகலில் சென்று மல்லாடிய எம் பேதைமையை அப்போதுதான் உணர்ந்தோம். வீடு முழுதும் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. நூல்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டன. ஆசிரியர் வெள்ளை வேட்டியும் மேலாடையுமாக வந்து உட்கார்ந்தார்.

காமிராவைக் கைநிலையில் வைத்தோம். அருகே சென்று, வேட்டி சட்டத்துள் வாராமல் முகத்தை மட்டும் அளந்தோம். எஃப் 8, நொடியில் அறுபதில் ஒரு பங்கு. வெண்மையான மேலாடை மீட்டரின் கண்ணிற்பட்டிருந்தால் முகம் மீண்டும் இருண்டிருக்கும். பின்னே வந்து கண்ணில் குவியத்தைப் பூட்டி, காமிராவை வலப்பக்கம் திருப்பி மலையைச் சட்டத்துள் வாங்கி, முழுதும் அழுத்தினோம். மலைக்கு ஒளி சற்று மிகுதியாகும் என்பது தெரிந்தே செய்தோம். நெகட்டிவ் பிலிம் ஒளி மிகுதியைப் பொறுக்கும், குறைவையே பொறாது. அச்சிடும்போது மலைப்பகுதிக்கு மட்டும் ஒளி கூட்டிக் கொடுத்தால் அதுவும் உருப்பெற்றுவிடும். ஆறு படங்கள் எடுத்தபின், "போதுமா, இன்னும் ஒருமுறை வருவீர்களா?" என்று கேட்டார். எம்முள் எவரும் விடை சொல்லவில்லை. "வந்தால் தூத்துக்குடிக்கு வாருங்கள், அங்கே மலை இல்லை, கடல்தான்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பு முடியுமுன் ஏழாவது படத்தை எடுத்தோம்.

அந்த ஏழாவது படமே இப்போது நான்காவது ஆணியில் தொங்குகின்றது. முகத்தின் சுருக்கங்கள் எண்ணத்தக்கனவாய் உள்ளன. மலை பின்னே சிறிது மென்மையாய், ஆயினும் எம்மலை என்று ஐயமற அறியுமாறு நிற்கின்றது. உற்று நோக்குவார்க்கு ஒரு குறை புலப்படும்: அவருடைய மூக்குக்கண்ணாடியில் யாம் நால்வரும் சிறு புள்ளிகளாய் நின்றுகொண்டிருக்கின்றோம். அதனை நீக்கும் வழியை இன்னுங் கற்றிலேம்.